முகவரியற்ற மாணாக்கரும் உதவித்தொகையும்

ஒசூர் சிப்காட் ஆலைகளை நம்பி வந்த குடும்பம் சிதறிப்போக, நண்பர் அறையிலும் தெரிந்தவர் திண்ணையிலும் உறங்கி, அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு தேறிய இளைஞனொருவனுக்குக் கல்லூரி உதவித்தொகை கோருகையில் முதலில் எதிர்ப்படும் தடை முகவரியே.

ஆறாம் வகுப்பு முதல் தமிழக அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதந்தோறும் 1,000 ரூபாய் அளிக்கின்றன. விண்ணப்பம் கல்லூரி வாயிலாகவே செல்லும். ஆதாரும் வங்கிக் கணக்கும் அவசியம்; முகவரி கேட்கப்படுவது இவ்விடத்தேதான். பிழைப்பின் நிமித்தம் எல்லைக்கப்பால் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் சில வகுப்புகள் படிக்க நேர்ந்தவர்க்கோ ஆறாம் வகுப்பு முதல் இங்கேயே பயின்றிருக்க வேண்டுமென்னும் நிபந்தனையே வாசலை அடைத்துவிடுவது, என் அபிப்பிராயத்தில், பெரும் அநியாயம்.

முகவரியற்றோருள் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயது நிரம்பியோருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இல்லம் நீங்கிய பின் வழங்கும் பிற்காப்பு நிதியுதவிக்கு இடமளிப்பதால், ஒசூர்ப் பகுதியைச் சார்ந்த அன்னார் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுதல் உசிதம்.