வெள்ளைக்காரரே இல்லாத ஒரு வெஸ்டர்ன்!

மௌனப்படக் காலத்து வெஸ்டர்ன் என்றதும் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு வெள்ளைக்கார வீரனும், முகத்தில் சாயம் பூசிப் பழங்குடியாக நடிக்கும் இன்னொரு வெள்ளைக்காரரும்தானே நினைவுக்கு வருகிறார்கள்? அவர்களை ஓரமாக உட்காரவையுங்கள். 1920, ஒக்லஹோமாவின் விசிட்டா மலை. படப்பிடிப்பு நடக்கிறது, வாருங்கள்!

படம் ‘தி டாட்டர் ஆஃப் டான்’. நாயகன், நாயகி, வில்லன், கூட்டத்தில் நிற்பவர்கள் எல்லாருமே அமெரிக்கப் பழங்குடிகளான கையொவா, கொமாஞ்சி மக்கள். ஏறத்தாழ 300 பேர்! உடைகள், குதிரைகள், டிப்பி கூடாரங்கள் அத்தனையும் அவர்கள் கொண்டுவந்தவை. பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, அந்த மக்களின் சடங்கு ஆட்டங்களை அரசு ஒடுக்கிவந்த காலம் அது. அந்தக் காலத்தில் சொந்த உடையில், கேமரா முன்னால், ஜாம்ஜாமென்று ஆடுகிறார்கள்!

நாயகன் வெள்ளைக் கழுகாக வருபவர் ஒயிட் பார்க்கர். புகழ்பெற்ற கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரின் மகன். ஒயிட்டின் சகோதரி வனாடாவும் படத்தில் இருக்கிறார். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. 1908-லேயே ‘தி பேங்க் ராபரி’ படத்தில் தலைகாட்டியவர். அதில் கொள்ளைக்காரனாக நடித்த அல் ஜென்னிங்ஸ், நிஜத்திலும் ரயில் கொள்ளைக்காகச் சிறை சென்றவர். அடேயப்பா!

கதை காதல் கதை. ஒரு பெண், இரண்டு ஆண்கள். யாருக்குத் துணிச்சல் என்று பார்க்க மலையுச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறார்கள். நடுவே காட்டெருமை வேட்டை வேறு. வேட்டையாடியே ஏறத்தாழ அழிக்கப்பட்ட அந்த விலங்கை மீட்க, 1907-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்திலிருந்து 15 காட்டெருமைகள் ரயிலேறி, படம் எடுக்கப்பட்ட இந்த மலைக்கு வந்தன.

இவ்வளவும் செய்த படம், சில திரையிடல்களோடு காணாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு தனியார் துப்பறிவாளருக்குக் கூலிப் பணத்துக்குப் பதிலாகக் கிடைத்ததாம் படச்சுருள்! ஒக்லஹோமா வரலாற்றுக் கழகம் அதை வாங்கிச் செப்பனிட்டது. கொமாஞ்சி இசையமைப்பாளர் டேவிட் யேக்லி புதிதாக இசை எழுதினார். 2013-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் ஏறியது. பேரன் பேத்திகள் பார்த்து, திரையில் தங்கள் வீட்டுப் பெரியவர்களை அடையாளம் கண்டார்கள்.

படம் டிவிடியாகவும் கிடைக்கிறது. பார்க்கும்போது நாயகியிடமே கண்ணை வைத்துவிடாமல், வனாடாவையும் கவனியுங்கள். பிரமாதம்!