ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் இருக்கட்டும், அழுக்கைப் பாருங்கள்

நிகழ்ச்சியில் நேயர்களிடம் பேசும்போது மின்கட்டணப் பேச்சு எப்படியும் வந்துவிடும். “18 டிகிரியில் வைத்தும் அறை குளிரவே மாட்டேங்குது, கேஸ் போடணுமாம்” என்றார் வீவக வீட்டில் இருக்கும் ஓர் அக்கா. ‘கேஸ்’ என்றதுமே எனக்குச் சந்தேகம் வரும். அது காருக்கு ஊற்றும் பெட்ரோல்போல் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் காசுதான் போகும்.

பல வீடுகளில் உண்மையான குற்றவாளி அழுக்கு. சுவர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றுங்கள். பின்னால் நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகள் தெரியும். அவற்றின் ஊடே செப்புக் குழாய்கள். இதுதான் வெப்பப் பரிமாற்றி. குழாய்க்குள் அந்த கேஸ் திரவமாக வந்து கொதித்து ஆவியாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்றும் கேஸும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் இருப்பது உலோகம் மட்டும். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், தூசு கடத்தாது.

தகடுகளுக்கு இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. தூசு, தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் அங்கே போய் ஒட்டுகின்றன. ஈரத்தில் ஊறி வழவழவென்று படிந்துவிடும். காற்று நுழைய வழி குறையும். போதிய காற்று படாத குழாய் 0 டிகிரிக்குக் கீழே போய்ப் பனிக்கட்டி பிடிக்கும். அதுவும் ஒரு போர்வைதான். அறையில் வெக்கை, உருகும்போது மெத்தையில் தண்ணீர்!

இதில் ஒரு சிக்கல். கேஸ் குறைந்தாலும் இப்படித்தான் பனி பிடிக்கும். பனியை மட்டும் பார்த்து கேஸ் என்று முடிவுகட்டிவிட முடியாது.

வெளியே இருக்கும் பெட்டிக்கு வெப்பத்தை வெளியேற்றும் வேலை. அங்கே தூசு அடைத்தால் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் மின்சாரம் இழுக்கும். கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களுக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே போய் ஒட்டிக்கொள்வது சிப்பி!

18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வது 25 அல்லது அதற்கு மேல். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவி நிழலில் காயவைக்கலாம். தகடுகளைத் தேய்க்க வேண்டாம், வளைந்துவிடும். அதற்கு ஆள் வரும்போது முதலில் கழுவச் சொல்லுங்கள். பிறகும் குளிரவில்லை என்றால் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். கேஸ் பேச்சு அதற்கப்புறம்.