வயசாச்சு என்று பார்வையை விட்டுவிடாதீர்கள்

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு நாற்பது வயது தாண்டினால் தளிரையும் முற்றின இலையையும் பிரித்தறிய முடியாமல் பார்வை மங்கத் தொடங்கும். கை தயங்கும், நிறை குறையும், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழும். “வயசாச்சு” என்று லயத்தில் எல்லோரும் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த மங்கலுக்குப் பெயர் வெள்ளெழுத்து. ஒரு கண்ணாடி போட்டாலே சரியாகும் குறை.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரிடம் நடத்திய ஆய்வு, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் அது 30 சதவீதத்தையும் தாண்டியது. இலங்கையில் நமது நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களிலும் கண் பரிசோதனை முகாம் நடத்தும்படி நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்க இந்த ஆதாரமே போதும்.

எது திரும்பும், எது திரும்பாது?

கண்புரையால் போன பார்வையைப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையில் மீட்கலாம். மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பார்கள். குளுக்கோமாவில் இழந்த பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காக்க முடியும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சீனி வியாதி விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். அதனால் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டுங்கள்.

கண்ணில் அடிபட்டால்

கவ்வாத்து வெட்டும்போது மிலாறு (சிறு கிளை) கண்ணைக் கீறினால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்கள். நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வில், கருவிழிக் கீறலுக்கு 18 மணி நேரத்துக்குள் குளோராம்பெனிகால் களிம்பு போடத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வைக்கவில்லை. தாய்ப்பால், இலைச்சாறு, வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்து தெறித்தால், அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

உங்கள் உரிமை

அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணமில்லை. கண் கிளினிக்குக்குக் கடிதம் தரும்படி டிஸ்பென்சரியில் கேளுங்கள். நோயையும் மருந்தையும் தமிழில் விளக்கும்படி கேட்கத் தயங்க வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி.

வேலையில் ஏற்பட்ட விபத்தால் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம். விபத்தை அன்றே தோட்ட அலுவலகத்தில் பதிய வையுங்கள். பார்த்தவர்களின் பெயரைக் குறித்து, கிளினிக் புத்தகத்தையும் டயக்னோசிஸ் கார்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். நிர்வாகம் தட்டிக்கழித்தால் தொழிற்சங்கத்தின் உதவியோடு தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பியுங்கள்.

இன்றிரவு வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு கண்ணைப் பொத்தி, சுவரில் உள்ள கலண்டரை மறு கண்ணால் பாருங்கள்; பிறகு கண்ணை மாற்றிப் பொத்திப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரித் தெரியாவிட்டால் இந்த வாரமே காட்டுங்கள். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும்தான். பார்வை போனால் எல்லா நாள் பேரும் போய்விடும்.