கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன்

எஞ்சினை வாகனத்தின் இதயம் என்றால், கார்புரேட்டரை அதன் மூச்சுக்குழல் எனலாம். பெட்ரோல் திரவமாகவே எஞ்சினுக்குள் போனால் சரிவர எரியாது. அதைச் சிறு துளிகளாக்கித் தக்க அளவு காற்றோடு கலந்து அனுப்ப வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. மின்சாரமோ கணிப்பொறியோ இன்றி இந்தக் கணக்கைப் போடுகிறது கார்புரேட்டர்.

எங்கள் வீட்டில் 1991-ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்று உண்டு. விடியற்காலையில் பால் கேன்களோடு அப்பா அதில்தான் நகரத்துக்குப் போய் வருகிறார். சென்ற கார்த்திகையில் அது தகராறு செய்யத் தொடங்கியது. சோக் போட்டால்தான் கிளம்பும். ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடும். பார்த்த மெக்கானிக், "கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார். அம்மாதம்தான் என் விடுதிக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. விடுமுறையில் ஊருக்குப் போன நான், "கழற்றிப் பார்ப்போமா?" என்றேன். "கழட்டுறது பெரிசில்லடா, திரும்ப மாட்டணும்" என்றார் அப்பா.

கழற்றுமுன் தத்துவத்தைப் பார்த்துவிடுவோம். ஒடுங்கிய பாதையில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இது. புல்லட்டில் உள்ள மிக்கார்ப் கார்புரேட்டரின் காற்றுப் பாதை 24 மி.மீ. அகலம். அதன் கீழே உள்ள சிறு தொட்டியில் பெட்ரோல் மீது வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. மேலே காற்று விரையும் இடத்தில் அழுத்தம் குறைவு. காற்று பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் வளிமண்டலம்தான் அதை மேலே தள்ளுகிறது.

பெட்ரோல் வரும் வழி ஒன்றல்ல. ஆக்சிலேட்டரைத் திருகாதபோது பைலட் ஜெட், பாதி திருகும்போது ஊசி, முழுதும் திருகும்போது மெயின் ஜெட் என்று முறை வைத்து வேலை செய்கின்றன. ஆகவே எந்த வேகத்தில் கோளாறு என்று கேட்டாலே எங்கே கோளாறு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் வண்டி வேகத்தில் நன்றாக ஓடியது, நின்றால்தான் அணைந்தது. எனவே பைலட் ஜெட் மீதே எனக்குச் சந்தேகம்.

பெட்ரோல் குழாயை மூடி, திறந்த வெளியில், அருகில் நெருப்பில்லாமல் வேலையைத் தொடங்கினோம். காற்றுத் திருகை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு பிறகு கழற்றினேன். பைலட் ஜெட்டின் துளையில் பச்சை நிறப் பாசிபோல் ஏதோ அடைத்திருந்தது. பித்தளை அரித்ததன் அடையாளம் அது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் இந்தத் தொல்லை அதிகம். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் கணக்கே மாறிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்தோம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்த சத்தம் இல்லை.

மாட்டியதும் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. ஆனால் நின்ற நிலையில் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. அரைநாள் காற்றுத் திருகோடு போராடினேன், பயனில்லை. அப்பா சற்று நேரம் குனிந்து கேட்டுவிட்டு, "எங்கயோ காத்து வாங்குதுடா" என்றார். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டோம். சத்தம் மாறியது! நான் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதில் முகப்பு வளைந்திருந்தது. குற்றம் என்னுடையது. கண்ணாடிமேல் நைஸ் எமரித் தாளை விரித்து முகப்பைத் தேய்த்துச் சமப்படுத்தினோம். புதுப் பேக்கிங் வைத்து, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக முறுக்கினோம். எஞ்சின் சூடானபின் காற்றுத் திருகைச் சத்தம் சீராக உயரும் இடத்தில் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து வைத்தோம். சில நாள் கழித்து ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தோம், இளம்பழுப்பு. கலவை சரி என்று பொருள். கருப்பானால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் காற்று அதிகம்.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா? வேண்டிய காலம் உண்டு. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து ஆடினால் காற்று அதன் பக்கமாக நுழையும். எத்தனை சுத்தம் செய்தாலும் பயனில்லை. அப்போதும் அதே 24 மி.மீ. அளவும், அதே எண் ஜெட்டுகளும் உள்ளதையே வாங்க வேண்டும். பெரியது போட்டால் இழுவை கூடும் என்பர் சிலர். பாதை அகன்றால் குறைந்த வேகத்தில் காற்றின் விரைவு குறையும். அழுத்த வேறுபாடும் குறையும். பெட்ரோல் ஒழுங்காக மேலே வராது. பெர்னூலியை மீற முடியாது.

2020-இல் பி.எஸ். 6 விதி வந்தபின், பெட்ரோலை மின்னணுக் கருவி தெளிக்கும் புல்லட்டுகளே வருகின்றன. எனினும் பழையவை நம் ஊர்களில் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் புது உறுப்பு வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடலாம். எங்கள் வீட்டில் செலவானது ஒரு பேக்கிங்கும் ஒரு எமரித் தாளும்தான். விடுதிக் கட்டணத்தை உரிய நாளில் கட்டிவிட்டேன்.