ஒரே ஓடுபாதையில் ஏறுது ஒண்ணு, இறங்குது ஒண்ணு: நடுவுல எத்தனை வினாடி?

மும்பை விமான நிலையத்தில் 2024-ம் ஆண்டு ஜூன் 8-ந்தேதி நடந்த சம்பவத்தின் வீடியோவை பார்த்தவர்கள் பதறிப் போனார்கள்.

திருவனந்தபுரம் செல்லும் ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்து ஓடிக்கொண்டிருந்தது. அது மேலே கிளம்பி முடிப்பதற்குள், இந்தூரில் இருந்து வந்த இண்டிகோ விமானம் அதே ஓடுபாதையில் பின்னாலேயே வந்து இறங்கி விட்டது.

நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. ஆனால் முன்னால் போன விமானி ஏதோ கோளாறு என்று பிரேக் போட்டிருந்தால்? நினைத்தாலே குலை நடுங்குகிறது. விமான போக்குவரத்து இயக்குனரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த அதிகாரி பணியில் இருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். கட்டுப்பாட்டு அறை சொன்னபடிதான் நடந்தோம் என்று 2 விமான நிறுவனங்களும் விளக்கம் அளித்தன.

ஏன் இந்த நெருக்கடி?

மும்பையில் 2 ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றை ஒன்று வெட்டிச் செல்கின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். சென்னை மீனம்பாக்கத்திலும் 2 ஓடுபாதைகள் இப்படி குறுக்கும் நெடுக்குமாகத்தான் உள்ளன.

2024-ல் மும்பையில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 44 முதல் 46 விமானங்கள் ஏறி இறங்கின. அதாவது சுமார் 80 வினாடிக்கு ஒரு விமானம். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதையில் மணிக்கு 55 வரை கையாளுகிறார்கள்.

வினாடி கணக்கு

இறங்க வரும் பெரிய விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 260 கிலோ மீட்டர். ஒரு வினாடிக்கு 70 மீட்டருக்கு மேல் பாய்ந்து வரும். 7 கிலோ மீட்டர் தொலைவில் இருந்தால் தரையை தொட ஒன்றரை நிமிடம் சொச்சம்தான்.

அதற்குள் கிளம்பும் விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து, நேராக நின்று, ஓடி, மேலே எழும்ப வேண்டும். ஓட்டத்துக்கு மட்டுமே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். உள்ளே நுழைந்தவர் 15 வினாடி தாமதித்தால் போதும், பின்னால் வருபவர் 1 கிலோ மீட்டர் நெருங்கி விடுவார்.

பொதுவான விதி என்ன? முன்னால் கிளம்பிய விமானம் ஓடுபாதையின் மறுமுனையை தாண்டி இருக்க வேண்டும். அல்லது பக்கவாட்டில் திரும்பத் தொடங்கி இருக்க வேண்டும். அதற்கு முன் அடுத்த விமானம் ஓடுபாதைக்கு மேல் வரக்கூடாது. பகல் வெளிச்சம், தெளிவான வானிலை இருந்தால் சில விமான நிலையங்களில் இந்த இடைவெளியை கொஞ்சம் குறைக்க அனுமதி உண்டு.

கணக்கு தப்பினால்...

ஜப்பானின் ஹனேடா விமான நிலையத்தில் 2024 ஜனவரி 2-ந்தேதி கணக்கு தப்பியது. பூகம்ப நிவாரண பொருட்களுடன் புறப்பட இருந்த கடலோர காவல்படை விமானம், அனுமதி கிடைத்து விட்டதாக தவறாக நினைத்து ஓடுபாதையில் போய் நின்றது. சுமார் 40 வினாடியில், இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மீது மோதி தீப்பிடித்தது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் பலியானார்கள்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2023 பிப்ரவரி 4-ந்தேதி கடும் பனிமூட்டம். பயணிகள் விமானம் புறப்பட்ட அதே ஓடுபாதையில் சரக்கு விமானம் ஒன்று இறங்க வந்தது. கடைசி நேரத்தில் சரக்கு விமானத்தின் விமானிகள் ஆபத்தை உணர்ந்து மேலே தூக்கினார்கள். 2 விமானத்துக்கும் இடைவெளி 200 அடி கூட இல்லை. 128 பேர் மயிரிழையில் தப்பினர்.

மேலே தூக்கினால் பயம் வேண்டாம்

தரை தெரியும் நேரத்தில் விமானம் திடீரென்று மேலே ஏறினால் பயணிகள் 'போச்சுடா' என்று சாமியை கும்பிடுகிறார்கள். உண்மையில் அதுதான் பாதுகாப்பு. ஓடுபாதை காலி இல்லை என்று தெரிந்தால் கட்டுப்பாட்டு அறை சொல்லும் வரை விமானி காத்திருக்க வேண்டியதில்லை. அவரே முடிவெடுத்து மேலே தூக்கலாம். அந்த நேரத்தில் பெல்ட்டை கழற்றாமல், எழுந்து நிற்காமல் இருந்தால் போதும். ஒரு சுற்று சுற்றி விட்டு வந்து இறங்கி விடுவார்கள். கால் மணி நேரம் தாமதமாகலாம், அவ்வளவுதான்.