வைஃபைக்குள் யார் வரலாம்?

ரவுட்டரின் அமைப்புகளைத் துழாவினால் ‘மேக் ஃபில்ட்டர்’ என்றொரு வசதி கண்ணில் படும். வீட்டிலுள்ள போன், மடிக்கணினி, டிவி ஆகியவற்றின் மேக் முகவரிகளை அதில் பட்டியலிட்டால், மற்ற கருவிகளுக்கு இணைப்பு கிடையாது. கேட்பதற்குப் பலமான ஏற்பாடுதான்.

மேக் முகவரி என்பது 48 பிட் எண். வழக்கமாக அதன் முதல் பாதி, கருவியைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். அதை ஒதுக்கித் தருவது ஐஇஇஇ அமைப்பு. மீதியைக் கருவிக்குக் கருவி நிறுவனமே மாற்றி வைக்கும்.

சிக்கல் எங்கே? வைஃபையில் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டுப் போனாலும், அனுப்பும் கருவியின் மேக் முகவரி மறைக்கப்படுவதில்லை. கடிதத்தை ஒட்டினாலும் உறைமேல் விலாசம் தெரிய வேண்டுமே! அருகிலிருக்கும் ஒருவர் இலவச மென்பொருளால் அந்த எண்ணைப் பிடித்து, தன் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொள்ளலாம். ரவுட்டரும் நம்பிவிடும்.

உண்மையான காவல் கடவுச்சொல்தான். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் அது காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. தெரியும் என்பதை இரு தரப்பும் கணக்குப் போட்டு நிரூபிக்கின்றன. ஆனால் அந்தப் பரிமாற்றத்தைப் பதிவுசெய்து, கடவுச்சொல்லைச் சாவகாசமாக ஊகித்துப் பார்க்க முடியும். பிறந்த தேதியும் செல்லப்பெயரும் சிக்குவது இப்படித்தான். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கும் விதத்தில் வடிவமைக்கப்பட்டது.

இன்னொரு வேடிக்கை. 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், ஐபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு 10 முந்தைய ஆண்டே இதைத் தொடங்கிவிட்டது. ஆட்களின் நடமாட்டத்தை வேவு பார்ப்பவர்களைக் குழப்புவதற்காக வந்த ஏற்பாடு இது. போனின் அசல் மேக் முகவரியைப் பட்டியலில் ஏற்றியிருந்தால், வீட்டுக்காரரின் சொந்த போனையே ரவுட்டர் வெளியே நிறுத்திவிடும்.