கற்பூரவள்ளி: கைமருந்தும் அதன் எல்லையும்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குப்பனூரில் நிலம் வாங்கிப் பயிர் வைக்க வந்த முதல் வருடம் அது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், "கற்பூரவள்ளி கொஞ்சம் கிடைக்குமாங்க?" என்று கேட்டேன். மறுநாள் காலையில் பத்து வாழைக்கன்று வந்து இறங்கியது! "நீங்க கேட்டதுதானுங்க சார்" என்றார். நான் கேட்டது தழை, வந்தது வாழை. அவர் வீட்டம்மா சிரித்துவிட்டு, "சளிக்குப் போடற தழையா? ஓமவள்ளின்னு சொல்லியிருக்கலாமே" என்று தன் வாசல் செடியில் ஒரு கிளை ஒடித்துக் கொடுத்தார். அந்த ஒரு கிளையிலிருந்து வந்தவைதான் இன்று என் கிணற்று மேட்டில் இருக்கும் முப்பது செடிகளும்.

ஓமவள்ளி என்று சொன்னாலும் நாம் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கும் ஓமம் இந்தச் செடியில் விளைவதில்லை. அது வேறு செடியின் விதை. இது துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருள் இதன் இலையிலும் இருப்பதால் மணம் ஒத்துப்போகிறது. இதோடு கார்வக்ரால் என்ற பொருளும் உண்டு. எது கூடுதல் என்பது செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் மாறும். தாவரவியலில் இதன் பெயர் கோலியஸ் அம்பாய்னிகஸ். இந்தோனேசியாவின் அம்போன் தீவை வைத்து 1790இல் இட்ட பெயர். கேரளத்தில் இதைப் பனிக்கூர்க்க என்பார்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். கன்னடத்தில் தொட்டபத்ரே. வியட்நாமில் மீன் குழம்பில் போடுகிறார்கள், இருமலுக்கும் கொடுக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் இறைச்சிக்கு அரைக்கும் மசாலாவில் சேர்க்கிறார்கள். ஆக, எங்கே போனாலும் இந்தத் தழை முதலில் அடுப்படிக்குத்தான் போகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ரசம் நுரை கட்டும்போது நான்கு இலையைக் கிள்ளிப் போட்டு உடனே இறக்கி மூடிவிடுவோம். கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். துவையலுக்குப் பதினைந்து இலை, ஒரு கரண்டி உளுந்து, மூன்று மிளகாய், கொஞ்சம் தேங்காய், சுண்டைக்காய் அளவு புளி. இலையைத் தனியாக எண்ணெயில் சுருள வதக்கிச் சேர்த்தால் காரல் தெரியாது. கடலை மாவில் தோய்த்த பஜ்ஜி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயில் காலத்துக்குக் கர்நாடகத்துத் தம்புளி நல்லது. ஏழெட்டு இலையை நெய்யில் வதக்கி, சீரகம், மிளகு, தேங்காயோடு அரைத்து மோரில் கலக்க வேண்டும். அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம், அப்படியே குடிக்கவும் செய்யலாம்.

இனி மருந்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்குச் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு என்றால் நான்கைந்து இலையும் மூன்று மிளகும் தட்டிப் போட்டு ஒரு டம்ளர் நீரை மூடி வைத்துக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் குடிக்கிறோம். இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி, தேனோடு எடுப்பதும் உண்டு. வயிறு உப்பிக்கொண்டால் இரண்டு இலையை உப்போடு மென்று விழுங்கினால் ஏப்பம் விட்டு இளகும். தைமாலும் கார்வக்ராலும் சில கிருமிகளை அடக்குவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பது நெஞ்சுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழை. விடுமுறைக்கு வந்திருந்த நாலு வயதுப் பேரனுக்குச் சளி பிடித்தது. எனக்குச் செடி மேல் அவ்வளவு நம்பிக்கை. இரண்டு நாள் சாறு கொடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் மாலையே என் மனைவி, "என்னங்க, மூச்சு வேற மாதிரி இருக்குது, டாக்டர்கிட்டப் போயிரலாம்" என்றாள். "காலையில பாத்துக்கலாம்" என்றேன். நடு இரவில் பையனுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஏற்காட்டுப் பெரிய பாதையில் மண் சரிந்ததால் மலை வண்டிகளையெல்லாம் எங்கள் ஊர் வழியே திருப்பி விட்டிருந்தார்கள். அந்த நெரிசலில் ஊர்ந்து சேலம் போய்ச் சேர்ந்தோம். மூச்சுக்குழாய் இறுகியிருக்கிறது என்று முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். பையன் தேறிவிட்டான். மருத்துவர் என்னைப் பார்த்து, "தழை குடுத்தது தப்பில்லைங்க ஐயா. அதையே நம்பி உட்கார்ந்திருந்ததுதான் தப்பு" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, துவண்டு கிடந்தாலோ தழையைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் வித்து பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும். சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சளியை விடச் சுடுநீர்ப் புண் பெரிய துன்பம். கர்ப்பிணிகளும், தினம் மாத்திரை எடுப்பவர்களும் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வளர்ப்பது சுலபம். இது பூப்பதே அரிது. அதனால் விதையை எதிர்பார்க்க வேண்டாம். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, மூன்று கணு இருக்கும்படி கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டால் போதும். அரை நிழலில் இலை பெரிதாகவும் மென்மையாகவும் வரும். உச்சி வெயிலில் சிறுத்துத் தடிக்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். எனவே மேட்டில் வையுங்கள், மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். மட்கிய எரு வருடத்துக்கு இரண்டு கை போதும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மிஞ்சினால் அந்தக் கிளையை வெட்டி எறிகிறேன். நாற்றுப் பண்ணையில் தொட்டியோடு வாங்கினால், அங்கே என்ன தெளித்தார்களோ தெரியாது. பழைய இலைகளையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டுப் புதுத் துளிரிலிருந்து உபயோகியுங்கள். இலையில் ரோமம் இருப்பதால் தூசி தங்கும், நன்றாகக் கழுவ வேண்டும். வாசலில் வைத்தால் கொசு வராது என்பார்கள். எங்கள் வீட்டில் முப்பது செடி இருக்கிறது, கொசுவும் இருக்கிறது.

"ஒரு ஏக்கர் போடலாமா சார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கடன் பிரிவில் இருந்தபோது, எங்கள் மாவட்டத்தில் இதே இனத்தைச் சேர்ந்த மருந்துக் கூர்க்கன் கிழங்கை ஒப்பந்தத்தில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் சொன்ன விலையில் வாங்கினால் லாபம். அவர் கையை விரித்தால் நஷ்டம். இந்தத் தழையும் வாங்குபவர் நிச்சயமில்லாமல் ஏக்கர் கணக்கில் போடுகிற பயிர் இல்லை. மரத்தடியில், வாய்க்கால் மேட்டில் பத்துச் செடி வையுங்கள். சந்தைக்குக் கீரை கொண்டுபோகும்போது நாலு கட்டு சேர்த்துக் கொண்டுபோங்கள்.

யாராவது கேட்டால் விலை சொல்லாமல் ஒரு கிளை ஒடித்துக் கொடுங்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. கொடுக்கும்போது, எதற்கு ஆகும் என்பதோடு எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.